வினாத்தாளில் எழுத்து ஏன் உடைகிறது? நிரலகப் பதிப்பு மோதலும் தீர்க்கும் வழிகளும்



சென்ற ஆண்டு படிவம் 5 மாணவர்களுக்கு ஓர் அரையாண்டுச் சோதனைத் தாள் தயாரித்தேன். அதில் பிழை திருத்தும் பகுதி ஒன்று. ஒரு பத்தி கொடுத்திருப்பேன். அதில் ஐந்து பிழைகள் இருக்கும். மாணவர்கள் கண்டுபிடித்துத் திருத்தி எழுத வேண்டும். வீட்டு மடிக்கணினியில் தட்டச்சு செய்து, விரலியில் எடுத்துப்போய், மொழிப் பாட அறையில் இருந்த பழைய கணினியிலிருந்து அச்சிட்டேன். நேரமில்லை, சரியாகப் பார்க்கவில்லை. சோதனை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

“டீச்சர், இது நாங்க கண்டுபிடிக்க வேண்டிய பிழையா, இல்ல தாள்லயே வந்த பிழையா?”

வாங்கிப் பார்த்தேன். ‘கொடுத்தான்’ என்ற சொல்லில் ககரம் தனியாக நின்றது. பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம். அந்த வட்டத்துக்கு இந்தப்பக்கம் ஒற்றைக்கொம்பு, அந்தப்பக்கம் கால். ‘சொன்னார்’, ‘தொடர்ந்து’, ‘பொருள்’ எல்லாவற்றிலும் அதே கதை. நான் வைத்தது ஐந்து பிழை. கணினி சேர்த்தது அதைவிடப் பல மடங்கு. அந்தப் பகுதியின் புள்ளிகளை அப்படியே நீக்க வேண்டியதாயிற்று. உழைத்துப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் அங்கே வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது.

“எழுத்துரு பிரச்சனைதான், புதுசா ஒன்னு போட்டுடுங்க” என்றார்கள். நானும் போட்டேன், மூன்று தடவை. மாறவே இல்லை. பிறகுதான் தேடிப் படித்தேன். சிக்கல் எழுத்துருவில் மட்டும் இல்லை. அதற்கும் பின்னால் இருக்கும் நிரலகப் பதிப்புகளின் மோதல் அது. கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்களுக்கு இது பாடத்தோடு தொடர்புடைய செய்தி. தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு அன்றாடத் தலைவலி. இருவருக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை.

1. தட்டும் வரிசை வேறு, தோன்றும் வரிசை வேறு

‘கெ’ என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பு போடுகிறோம், பிறகு ககரம். கணினியில் சேமிக்கப்படுவது அப்படியல்ல. ஒருங்குறியில் முதலில் ககரம், அடுத்து எகரக் குறி. அதாவது ஒலிக்கும் வரிசை. 1991-இல் வந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அன்று முதல் இதே முறைதான். ‘கொ’ என்றால் ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக இரண்டே குறியீடுகள். ஆனால் திரையில் அந்த ஒரு குறி இரண்டாகப் பிரிந்து, பாதி ககரத்துக்கு முன்னும் பாதி பின்னும் வந்து நிற்க வேண்டும்.

இந்த வேலையை யார் செய்வது? எழுத்துரு தானாகச் செய்யாது. எழுத்துருவில் வடிவங்களும் சில விதிகளும் இருக்கும், அவ்வளவுதான். அந்த விதிகளைப் படித்து, குறிகளை இடம் மாற்றி, ‘இந்த வடிவத்தை இங்கே வை’ என்று சொல்வதற்கு ஒரு தனி மென்பொருள் வேண்டும். அதை இக்கட்டுரையில் எழுத்தமைப்பு நிரலகம் என்போம். விண்டோஸில் நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தது யூனிஸ்கிரைப். இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றிலும் இருப்பது ஹார்ஃப்பஸ்.

உயிர்க்குறிக்கு முன்னால் பொருத்தமான மெய் இல்லை என்று அந்த நிரலகம் நினைத்தால், ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டு அதன்மேல் குறியை மாட்டிவிடும். என் தாளில் வந்த வட்டம் அதுதான். ககரம் பக்கத்திலேயே இருந்தும் பழைய நிரலகத்தால் இரண்டையும் சேர்க்க முடியவில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. எழுத்துருக்களில் தமிழ் விதிகளைக் குறிக்க முதலில் ஒரு குறி இருந்தது. பிறகு விதிகள் திருத்தப்பட்டு வேறொரு குறி வந்தது. புதிய குறியை மட்டும் வைத்திருக்கும் எழுத்துருவைப் பழைய நிரலகம் திறந்தால், ‘தமிழ் விதியே இல்லை’ என்று முடிவு செய்துவிடும். அதனால்தான் நான் புதிய எழுத்துருவைப் போடப் போட நிலைமை சீராகவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதே பத்தியை அதே கணினியின் உலாவியில் ஒட்டிப் பார்த்தேன். அழகாகத் தெரிந்தது! கணினி ஒன்று, எழுத்துரு ஒன்று, பத்தி ஒன்று. உலாவியில் சரி, ஆவண மென்பொருளில் தவறு. அப்படியானால் வேறுபட்டது எது? உலாவி தன் எழுத்தமைப்பு நிரலகத்தைத் தன்னோடேயே கொண்டு வந்திருந்தது, அது புதியது. ஆவண மென்பொருளிடம் இருந்தது பழையது. ஒரே கணினியில் ஒரே வேலைக்கு இரண்டு பதிப்புகள்.

2. நிரலகம், பொதி, சார்பு

பல மென்பொருள்களுக்கும் பொதுவான வேலைகளைத் தனியே எழுதி வைத்திருக்கும் தொகுப்பே நிரலகம். படம் திறப்பது, எழுத்து அடுக்குவது, முப்பரிமாணக் காட்சி வரைவது போன்றவற்றை ஒவ்வொரு மென்பொருளும் புதிதாக எழுதுவதில்லை. பிஎன்ஜி படங்களைத் திறக்க லிப்-பிஎன்ஜி, ஜேபெக் படங்களைத் திறக்க லிப்-ஜேபெக், முப்பரிமாணக் காட்சிக்கு ஓப்பன்ஜிஎல் நிரலகங்கள் என்று வரைகலைக்கு மட்டுமே பல உள்ளன.

மென்பொருளையும் அதைப் பற்றிய விவரங்களையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் அது பொதி. ‘நான் ஓட வேண்டுமானால் எனக்கு இன்ன நிரலகம், இன்ன பதிப்பு வேண்டும்’ என்று அது சொல்வதே சார்பு. நமக்குப் பழகிய சொல்தான்: சார்பெழுத்து முதலெழுத்தைச் சார்ந்து வருவதுபோல. இந்தப் பொதிகளை நிறுவி, நீக்கி, புதுப்பித்து, சார்புகளைச் சரிபார்க்கும் ஏற்பாட்டைப் பொதி மேலாண்மை அமைப்பு என்கிறோம். 1993-இல் தொடங்கிய டெபியன் லினக்ஸ் இதில் முன்னோடிகளில் ஒன்று. உபுண்டுவும், இந்தியாவில் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டவையே.

பதிப்பு மாறினால் ஏன் மோதல்? நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டையே பார்ப்போம். ‘சார்பெழுத்து எத்தனை வகை?’ என்று கேட்டால் தொல்காப்பியம் 3 என்கிறது. நன்னூல் 10 என்கிறது. அதனதன் நூலில் இரண்டுமே சரி. ஆனால் மாணவர் ஒன்றைப் படித்து எழுத, திருத்துபவர் மற்றொன்றை வைத்துத் திருத்தினால்? புள்ளி போய்விடும். மென்பொருளும் அப்படித்தான். நிரலகத்தின் ஒரு பதிப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மென்பொருள், ஓடும்போது வேறு பதிப்பிடம் போய்க் கேட்டால், எதிர்பாராத விடை வரும். சில நேரம் எழுத்து உடையும். சில நேரம் மென்பொருளே மூடிக்கொள்ளும்.

3. மோதல் வரும் மூன்று வழிகள்

முதல் வழி: ஒரே பெயர், வேறு உள்ளடக்கம்.

தமிழுக்கான ஆதரவு விண்டோஸ் 2000-இல் வந்தது. லதா எழுத்துருவும் அதனுடன்தான் வந்தது. அதில் எழுத்தமைப்பு வேலையைச் செய்த யூனிஸ்கிரைப், ‘யூஎஸ்பி10’ என்ற பெயருள்ள கோப்பில் இருந்தது. (விரலியைச் செருகும் யூஎஸ்பிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) பின்னர் வந்த ஆஃபிஸ் 2003 தன் கோப்புறைக்குள் அதே பெயரில் புதிய பதிப்பு ஒன்றை வைத்திருந்தது. ஆக, ஒரே கணினியில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள். ஆஃபிஸில் ஒரு மாதிரி, மற்ற மென்பொருள்களில் வேறு மாதிரி. இந்திய மொழிகளில் எழுதியவர்கள் பலர் புதிய கோப்பை எடுத்து, இயங்குதளத்தின் கோப்புறையில் பழையதன்மேல் ஒட்டிப் பார்த்தார்கள். இயங்குதளமோ தன் கோப்பு மாறியதைக் கண்டுபிடித்துப் பழையதையே மீண்டும் வைத்துவிடும். அதற்கென்றே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு விண்டோஸ் 2000-இலேயே வந்திருந்தது.

லினக்ஸில் இதே சிக்கல் ஓப்பன்ஜிஎல் நிரலகத்தில் வந்தது. மெசா என்ற திறமூல நிரலகமும், என்விடியா நிறுவனத்தின் சொந்த நிரலகமும் ஒரே கோப்புப் பெயரைப் பயன்படுத்தின. என்விடியா இயக்கியை நிறுவினால் மெசாவின் கோப்பு அழியும். அடுத்த வாரம் மெசாவைப் புதுப்பித்தால் என்விடியாவின் கோப்பு அழியும். திரையில் காட்சி வராமல் திண்டாடியவர்கள் ஏராளம்.

இரண்டாம் வழி: இருவருக்கு வேறுவேறு பதிப்பு தேவை.

லிப்-பிஎன்ஜி 1.2 வந்தது 2001-இல், 1.6 வந்தது 2013-இல். 1.2-இல், படத்தின் அகலம், உயரம் போன்ற விவரங்களை மென்பொருள்கள் நிரலகத்தின் உட்பகுதியிலிருந்து நேரடியாகவே எடுத்துக்கொள்ள முடிந்தது. 1.5-இலிருந்து அந்தக் கதவு மூடப்பட்டது. முறையாகக் கேட்டுத்தான் பெற வேண்டும். அதனால் 1.2-க்கு எழுதிய மென்பொருளை அப்படியே 1.6-இல் ஓட்ட முடியாது. ஒரே கணினியில் பழைய படம் வரையும் மென்பொருள் ஒன்றும் புதிய ஆவண மென்பொருள் ஒன்றும் வேண்டும் என்றால், இரண்டு பதிப்புகளும் வேண்டும்.

மூன்றாம் வழி: ஒரே மென்பொருளுக்குள் இரண்டு பதிப்பு நுழைவது.

இதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. ஒரு மென்பொருள் லிப்-பிஎன்ஜி 1.6-ஐ நேரடியாகக் கேட்கிறது. அது பயன்படுத்தும் வேறொரு நிரலகமோ 1.2-ஐக் கேட்கிறது. ஓடும்போது இரண்டும் நினைவகத்துக்குள் வந்துவிடுகின்றன. வகுப்பில் இரண்டு திவ்யா இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘திவ்யா, இங்க வா’ என்றால் முன்வரிசையில் இருப்பவள்தான் முதலில் எழுந்து வருவாள், நாம் கூப்பிட்டது மற்றவளையாக இருந்தாலும். லினக்ஸிலும் அப்படியே: ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள் இருந்தால் பொதுவாக முதலில் ஏற்றப்பட்டதே விடை சொல்லும்.

4. பொதி அமைப்பு இதை எப்படிச் சமாளிக்கிறது?

அ. பெயரோடு எண்ணைச் சேர்ப்பது. இரண்டு திவ்யா இருந்தால் பதிவேட்டில் தந்தை பெயரையும் சேர்த்துப் படிக்கிறோம் அல்லவா? அதுபோல, ஒத்துப்போகாத மாற்றம் வரும்போது கோப்பின் பெயரிலேயே எண்ணைச் சேர்த்துவிடுகிறார்கள்: லிப்-பிஎன்ஜி12, லிப்-பிஎன்ஜி16. பெயர் வேறானதால் இரண்டும் ஒரே கோப்புறையில் சண்டையில்லாமல் இருக்கலாம். உள்ளே இருக்கும் செயற்கூறுகளின் பெயர்களுக்கும் இப்படிப் பதிப்புக் குறி இட்டால், மூன்றாம் வழியில் வரும் குழப்பமும் தீரும்.

ஆ. முன்கூட்டியே அறிவிப்பது. டெபியன் பொதி ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிய அறிவிப்புகளைக் கூடவே வைத்திருக்கும். ‘இன்னதைச் சார்ந்திருக்கிறேன்’, ‘இன்னதோடு மோதுவேன்’, ‘இன்ன பழைய பதிப்பை உடைத்துவிடுவேன்’, ‘இன்னதற்குப் பதிலாக வருகிறேன்’ என்று தனித்தனிப் புலங்கள் உண்டு. நிறுவும் முன்பே அமைப்பு இவற்றைப் படித்து, ஒத்துவராது என்றால் மறுத்துவிடும். ‘சார்பு நிறைவேறவில்லை’ என்ற செய்தியைப் பார்த்து நாம் எரிச்சல்படுகிறோம். உண்மையில் அது நம்மைக் காப்பாற்றும் எச்சரிக்கை.

இ. எல்லாரையும் ஒன்றாக நகர்த்துவது. இரண்டு பதிப்புகளையும் நிரந்தரமாக வைத்திருந்தால் இரண்டுக்கும் பராமரிப்பு வேலை. ஆகவே ஒரு கட்டத்தில், பழைய நிரலகத்தைச் சார்ந்த எல்லாப் பொதிகளையும் புதியதற்கு ஏற்றபடி மீண்டும் கட்டுகிறார்கள். டெபியன் இப்படித்தான் நூற்றுக்கணக்கான பொதிகளை லிப்-பிஎன்ஜி 1.6-க்கு மாற்றியது, 2017 ஜூனில் வெளியான டெபியன் 9-இல் 1.2 இல்லை. இதன் மறுபக்கமும் உண்டு. டெபியனுக்கு வெளியே கிடைத்த பழைய மென்பொருள்கள் சில, ‘லிப்-பிஎன்ஜி12 கோப்பைக் காணவில்லை’ என்று சொல்லித் திறக்க மறுத்தன.

ஈ. மாற்றாமலே இருப்பது. லிப்-ஜேபெக் 6பி 1998-இல் வந்தது. 2009-இலும் 2010-இலும் வந்த 7, 8 ஆம் பதிப்புகள் பழையதோடு ஒத்துப்போகவில்லை. லினக்ஸ் வெளியீடுகள் பலவும் வேறு பக்கம் திரும்பின. பழைய 6பி-யின் பேச்சுமுறையை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே வேகத்தை மட்டும் கூட்டிய லிப்-ஜேபெக்-டர்போவை எடுத்துக்கொண்டன. வெளியே பேசும் முறை மாறாவிட்டால் உள்ளே எவ்வளவு மாற்றினாலும் மோதல் இல்லை.

உ. நடுவில் ஒரு முகப்பு வைப்பது. மெசா, என்விடியா சண்டைக்கு டெபியன் முதலில் கண்ட வழி, இரண்டு கோப்புகளையும் வேறு இடத்தில் பத்திரப்படுத்தி, எது வேண்டுமோ அதைச் சுட்டிக்காட்டுவது. பிறகு வந்த ஜிஎல்விஎன்டி என்ற ஏற்பாடு இன்னும் நல்லது. பொதுப் பெயருள்ள கோப்பு இப்போது ஒரு முகப்பு மட்டுமே. பள்ளி அலுவலக முகப்பில் போய்க் கேட்டால் அவர்கள் உரியவரிடம் அனுப்பிவைப்பதுபோல, அந்த முகப்பு கோரிக்கையை மெசாவுக்கோ என்விடியாவுக்கோ அனுப்பும். அவர்களுடைய கோப்புகளுக்குத் தனித்தனிப் பெயர். ஒன்றை ஒன்று அழிக்க வழியே இல்லை.

ஊ. ஒவ்வொன்றுக்கும் தனி வீடு. நிக்ஸ் என்ற பொதி அமைப்பு, ஒவ்வொரு பொதியையும் அது எப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து கணக்கிட்ட ஒரு நீண்ட அடையாளத்தைக் கொண்ட தனிக் கோப்புறையில் வைக்கிறது. ஒரே நிரலகத்தின் பத்துப் பதிப்புகள்கூட அருகருகே இருக்கலாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006-இல் எல்கோ டோல்ஸ்ட்ரா அளித்த முனைவர் பட்ட ஆய்வு இம்முறையை விரிவாக விளக்கியது. ஃபிளாட்பேக், ஸ்னாப் போன்றவை மென்பொருளையும் அதற்கு வேண்டிய நிரலகங்களையும் இயங்குதளத்திலிருந்து பிரித்துத் தனியே வைக்கின்றன.

5. ‘கூடவே வைத்துக்கொள்’ என்பதற்கு ஒரு விலை

அப்படியானால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய நிரலகத்தைக் கூடவே வைத்துக்கொண்டால் மோதலே வராதே, அது போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் பத்தியைச் சரியாகக் காட்டிய உலாவி அப்படித்தானே செய்தது?

2004 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டது. ஜிடிஐ-பிளஸ் என்ற வரைகலை நிரலகம் ஜேபெக் படங்களைத் திறக்கும் விதத்தில் ஓட்டை. சூழ்ச்சியாக அமைத்த ஒரு படத்தைத் திறந்தாலே கணினி பிறர் கைக்குப் போகலாம். இயங்குதளத்தில் இருந்த நிரலகத்தைத் திருத்தினால் போதாது. அதன் படிகளைப் பல மென்பொருள்கள் தத்தம் கோப்புறைகளில் வைத்திருந்தன. ஒவ்வொன்றையும் தேடித்தேடித் திருத்த வேண்டியிருந்தது. தேடுவதற்கென்றே தனிக் கருவி வெளியிட்டார்கள்.

2023 செப்டம்பரில் அதே கதை திரும்ப வந்தது. வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்-வெப்பி நிரலகத்தில் கடுமையான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் விரைந்து திருத்தம் வெளியிட்டன. ஆனால் குரோமின் அடித்தளத்தைத் தமக்குள் வைத்துக் கட்டப்பட்ட கணினிச் செயலிகள் பல. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புதுப்பிக்கப்படும் வரை அவற்றில் ஓட்டை இருந்துகொண்டே இருந்தது.

எனவே இதில் இரண்டு பக்கமும் இழப்பு உண்டு. எல்லாரும் ஒரே பதிப்பைப் பகிர்ந்தால், திருத்தம் ஓரிடத்தில் செய்தால் போதும். ஆனால் பதிப்பு மோதல் வரும். தனித்தனியாக வைத்தால் மோதல் வராது. ஆனால் திருத்தம் பல இடத்தில் செய்ய வேண்டும், இடமும் கூடுதலாகப் பிடிக்கும். பொதி மேலாண்மை என்பது இந்த இரண்டுக்கும் இடையே ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டு முடிவெடுப்பதுதான். தேர்வில் எழுதும்போது ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள், மாணவர்களே.

6. நான் செய்த இன்னொரு தவறு

சோதனைத் தாள் கெட்டுப்போன மறுவாரம், அந்தப் பழைய கணினியிலேயே புதிய ஆவண மென்பொருளை நிறுவப் பார்த்தேன். லிப்ரே ஆஃபிஸ் 2017-இல் வெளியிட்ட 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸையே பயன்படுத்துகிறது என்று படித்திருந்தேன். அந்தக் கணினியில் இருந்தது அதற்கும் முந்தியது. புதிய இயங்குதள வெளியீட்டுக்கான பொதியை இறக்கி நிறுவினால், ‘சார்பு நிறைவேறவில்லை’ என்றது. விடுவேனா? கட்டாயப்படுத்தி நிறுவும் கட்டளையை எங்கோ பார்த்து அதையே கொடுத்தேன். அது கேட்ட நிரலகங்களையும் அப்படியே ஒவ்வொன்றாகத் திணித்தேன்.

எழுத்து சரியாக வந்தது. அன்று பெரிய சாதனை செய்ததுபோல் வீட்டுக்குப் போனேன். மறுநாள் கலைக்கல்வி ஆசிரியர் வந்தார். “டீச்சர், அந்தப் படம் வரையிற மென்பொருள் தொறக்கவே மாட்டேங்குதே, நீங்க ஏதாச்சும் செஞ்சீங்களா?” செய்ததை ஒத்துக்கொண்டேன். அந்த மென்பொருளுக்கு வேண்டிய பழைய நிரலகத்தின் இடத்தில் நான் புதியதை உட்கார வைத்திருந்தேன். கடைசியில் முழு இயங்குதளத்தையும் புதிய வெளியீட்டுக்கு மாற்றித்தான் இரண்டும் ஓடின. முதலிலேயே அதைச் செய்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

7. நாம் செய்யக்கூடியவை

1) முதலில் சோதியுங்கள். உடைந்த பத்தியை அதே கணினியின் உலாவியில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் தட்டச்சிலும் எழுத்துருவிலும் பெரும்பாலும் குறையில்லை. ஆவண மென்பொருளின் எழுத்தமைப்பு நிரலகத்தைச் சந்தேகியுங்கள். அங்கேயும் உடைந்திருந்தால் தட்டச்சு முறையையும் எழுத்துருவையும் பாருங்கள்.

2) தட்டச்சுப் பிழையைக் கணினியின் தலையில் கட்டாதீர்கள். ‘கௌ’ என்பதை ‘கெ’ போட்டு அடுத்து ளகரம் தட்டியும் எழுதிவிடலாம். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அது ‘கெள’ என்ற இரண்டெழுத்து. இது நம் பிழை, நிரலகத்தின் பிழையல்ல. ‘ஸ்ரீ’ எழுத்தையும் கவனியுங்கள். ‘ஶ’ என்ற எழுத்து 2005-இல் வந்த ஒருங்குறி 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதை வைத்து எழுதும் முறையும், ஸகரத்தை வைத்து எழுதும் முறையும் புழக்கத்தில் உள்ளன. பழைய நிரலகங்களுக்கு ‘ஶ’ தெரியாது. மாணவர் பெயரே உடைந்துவிடலாம்.

3) ஒரு சோதனை வரி வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது: கெ கே கை கொ கோ கௌ, டு மு ளு று, டூ மூ ளூ றூ, க்ஷ, ஸ்ரீ. புதிய கணினியில் அச்சிடுமுன் இந்த வரியை ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்தாலே பாதித் தொல்லை தீரும்.

4) வினாத்தாளை பிடிஎஃப் ஆக்கி அச்சிடுங்கள். ஆவணக் கோப்புக்குள் எழுத்துருவைப் பதித்து அனுப்பினாலும் போதாது. எழுத்துரு போகும், ஆனால் எழுத்தை அடுக்குவது திறக்கும் கணினியின் நிரலகம்தான். பிடிஎஃப் அப்படியல்ல. எழுத்துருவைப் பதித்து உருவாக்கினால், ஏற்கெனவே அடுக்கி முடித்த வடிவங்களும் அவற்றின் இடங்களும் அதில் இருக்கும். உங்கள் வீட்டுக் கணினியில் சரியாக இருந்தது அப்படியே பள்ளியிலும் அச்சாகும். புலனத்தில் அனுப்பும்போதும் இதே வழி.

5) நிரலகக் கோப்பை ஒரு கணினியிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டாதீர்கள். பொதி அமைப்புக்குத் தெரியாமல் செய்த மாற்றத்தை அடுத்த புதுப்பிப்பு அழித்துவிடும், அல்லது அது வேறொன்றை உடைக்கும்.

6) அமைப்பு மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். எந்தப் பொதி எதைக் கேட்கிறது என்று செய்தியைப் படியுங்கள். அந்த இயங்குதள வெளியீட்டுக்கென்றே கட்டிய பொதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபிளாட்பேக் போன்ற தனிப் பொதியாக நிறுவலாம். அதுவும் முடியாவிட்டால் முழு வெளியீட்டையே புதுப்பிக்கலாம்.

8. கலைச்சொற்கள்

நிரலகம்: பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பு.
பொதி: மென்பொருளும் அதன் விவரங்களும் சேர்ந்த கட்டு.
சார்பு: ஒரு பொதி இயங்க மற்றொன்று தேவைப்படும் நிலை.
பதிப்பு மோதல்: ஒரே நிரலகத்தின் ஒத்துப்போகாத பதிப்புகள் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் நிலை.
எழுத்தமைப்பு நிரலகம்: குறியீடுகளை வரிசை மாற்றி, சேர்த்து, உரிய வடிவங்களாக அடுக்கும் நிரலகம்.

9. மீள்பார்வை வினாக்கள்

1) ‘கொ’ என்ற எழுத்து ஒருங்குறியில் எப்படிச் சேமிக்கப்படுகிறது? திரையில் எப்படித் தோன்றுகிறது? இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேலையைச் செய்வது எது?
2) நிரலகப் பதிப்பு மோதல் ஏற்படும் மூன்று வழிகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3) லிப்-பிஎன்ஜி, லிப்-ஜேபெக் ஆகியவற்றின் பதிப்புச் சிக்கல்களுக்குக் காணப்பட்ட தீர்வுகளை ஒப்பிடுக.
4) ‘ஒவ்வொரு மென்பொருளும் தன் நிரலகத்தைத் தன்னோடு வைத்திருப்பதே சிறந்தது.’ இக்கூற்றை 2004, 2023 நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்க.

முதல் வினாவுக்கு விடை எழுதும்போது ‘எழுத்துரு’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால் முழுப் புள்ளி கிடையாது. எழுத்துருவின் பங்கு வேறு, நிரலகத்தின் பங்கு வேறு என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்த ஆண்டும் பிழை திருத்தும் பகுதி வைத்தேன். பிடிஎஃப் ஆக்கி, ஒரு தாள் அச்சிட்டு, சிவப்பு மையில் எண்ணிப் பார்த்தேன். சரியாக ஐந்து பிழை. நான் வைத்தவை மட்டும். சோதனையின்போது யாரும் கை தூக்கவில்லை. ஐந்தையும் கண்டுபிடித்தவர்களுக்கு அதற்குரிய புள்ளி கிடைத்தது.